நண்டுக்கு அப்பன்

கெர்கென்னா தீவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், நீல நண்டைக் கொண்டுவந்து கடலில் விட்டவன் ஃபரஜ்தான் என்பார்கள். கப்பல் வேலைக்குப் போனவன், சூயஸ் பக்கம் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி பிடித்து, டீசல் டிரம்மில் போட்டுக் கொண்டுவந்தானாம். பங்காளிகள் மீன்பாட்டில் மண் போடத்தானாம். காபிக்கடை மோங்கி இதை முதலில் சொன்னபோது அது தண்ணீர் பாட்டில். பிறகு வாளியானது. டிரம் போன ரமலானில்தான் வந்தது. இப்படியே போனால் அடுத்த ரமலானுக்குள் கப்பலே ஃபரஜுக்குச் சொந்தமாகிவிடும்.

உண்மைக் கதை இது.

ஃபரஜ் கப்பலில் போனது சரிதான். அங்கே அவன் பார்த்த வேலை வெங்காயம் உரிப்பது. உரித்துக்கொண்டே ஒன்றைக் கவனித்தான். சரக்கு இல்லாத கப்பல் ஆடாமலிருக்க, நிற்கிற துறைமுகத்துக் கடல்தண்ணீரையே உறிஞ்சி அடித்தொட்டிகளை நிரப்புகிறார்கள். சரக்கு ஏற்றும் ஊர் வந்ததும் அதை அங்கே கொட்டுகிறார்கள். தண்ணீரோடு என்னென்ன குஞ்சு குருமான் வந்தது என்று யார் சலித்துப் பார்த்தார்கள்? உரமூட்டை ஏற்ற எங்கள் எதிர்க்கரைக்கு வருகிற கப்பலும் அப்படித்தான்.

அப்பா இறந்ததும் ஃபரஜ் வெங்காயத்தை விட்டுவிட்டு ஊர் வந்தான். அவனுக்குக் கடலில் ஒரு பங்கு இருந்தது. எங்கள் ஊரில் கடலுக்கும் பங்கு உண்டு. ஆழமில்லாத இடத்தில் பேரீச்ச மட்டைகளை வேலியாக நட்டு, மீனை வழிமறித்து, கடைசியில் கூடைக்குள் இறக்குவோம். ஷர்ஃபிய்யா என்று பேர். கூடையில் சினை வைத்தது எது விழுந்தாலும் திருப்பி விட்டுவிட வேண்டும் என்பது அவன் அப்பாவின் கட்டளை. மற்றவர்கள் சௌகரியப்பட்டபோது விட்டார்கள். ஃபரஜ் ஒன்றுவிடாமல் விட்டான்.

ஒருநாள் காலையில் கூடைக்குள் யாரும் பார்த்திராத ஒன்று கிடந்தது. நீலக் கால். வயிற்றுக்கடியில் மஞ்சள் பஞ்சு மாதிரி முட்டை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினான்.

"சட்டியில போடுய்யா, என்ன ருசின்னு பாப்போம்" என்றாள் மனைவி நாஜியா.

"பிள்ளைத்தாச்சிடி. வாயில வைக்க மனசு வருமா?"

திரும்பிப் போய், படகை நிறுத்தி, கையால் தண்ணீரில் இறக்கிவிட்டான். நன்றியாக விரலை ஒரு கடி கடித்துவிட்டுப் போனது.

அதன்பிறகு கடல் முழுக்க நீல நண்டாகிக் கூடைக் கயிறு அறுந்தது. மடவை மீன் பாதி தின்னப்பட்டுக் கிடந்தது. எட்டுக்கால் பேய்க்கணவாய் வந்து ஒளிய என்று கடலில் இறக்கிய பானையில் அதன் ஒரு கால்தான் மிச்சம். குழம்புக்கு மீனைச் சந்தையில் வாங்கும் வெட்கமும் வந்தது. பிறகு எதிர்க்கரையில் நண்டுக் கம்பெனி திறந்தார்கள். உறையவைத்துக் கப்பலேற்றித் தூர தேசத்துக்கு அனுப்பினார்கள். ஊரே மட்டையைப் பிடுங்கிப்போட்டுவிட்டுக் கம்பிக்கூண்டுக்கு மாறியது.

ஃபரஜ் மட்டும் இலையுதிர் காலம் வந்தால் வேலி நட்டான். சினை நண்டு கிடைத்தால் படகு விளிம்பில் வைத்துக் கல்லால் நசுக்கினான். தன் பங்குக் கடலையாவது சுத்தம் செய்துவிட்டால் மீன் திரும்பும் என்று நினைப்பு.

"கடலுக்கு வேலி போட்டு யாருக்குய்யா காவல் இருக்க? நண்டுக்கா?" என்றாள் நாஜியா. மூன்று பருவம் நசுக்கியும் கூடையில் ஒரு மடவை வரவில்லை. நான்காம் பருவம் அவன் மட்டை வெட்டப் போகவில்லை. கூண்டு வாங்கக் காபிக்கடைக்கு வந்தான்.

கம்பெனி ஆள் லொத்ஃபி இரண்டு கூண்டைக் கொடுத்துவிட்டு எல்லாருக்கும் சொன்னான்: "புது உத்தரவு. முட்டை வச்ச நண்டு இருந்தா எடுக்கமாட்டோம். நசுக்கவும் கூடாது. பத்திரமா கடல்ல விட்டுடுங்க. அப்பத்தான் வருஷா வருஷம் நண்டு இருக்கும்."

மோங்கிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அதெல்லாம் எங்க ஃபரஜ் அண்ணன்கிட்ட கேளு லொத்ஃபி. டிரம்முல வச்சுத் தாலாட்டிக் கொண்டாந்தவரு. நண்டுக்கே அப்பன்!"

ஃபரஜ் இரண்டு கூண்டையும் தூக்கித் தோளில் போட்டான். வாசல்வரை போனவன் திரும்பினான்.

"டிரம்மும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லடா. கப்பல்காரன் துப்பிட்டுப் போனான். அவ என் கூடையில வந்து விழுந்தா. வயித்துல முட்டைன்னு நான்தான் விட்டேன். நீங்களா இருந்தா தின்னிருப்பீங்க. தின்னிருக்கணும்."