பிரசவத்துக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீர்

வேண்டிய அளவு தண்ணீர் குடித்திருந்தால் எனக்கு இந்த நோய் வந்திருக்காதா? மகள் இப்போது ஓடி விளையாடுகிறாள். இந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் எனக்குப் பதில் தெரியாது.

மகள் பிறந்து இரண்டாவது வாரம் தலைவலி தொடங்கியது. பத்தியம் பார்க்க அம்மா பன்விலயிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் வேளை தவறாமல் வரும். தண்ணீர் மட்டும் சாப்பாட்டோடு அரை டம்ளர், அதுவும் வெந்நீர். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு சரிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவள். இருந்தாலும், எனக்காக நாள் முழுக்க அடுப்படியில் நின்றவரிடம் இன்னொரு டம்ளர் கேட்க வாய் வரவில்லை.

“குளிர் பட்டிருக்கும்” என்று அம்மா என் காதைச் சுற்றித் துணி கட்டிவிட்டார். வலி குறையவில்லை. ஒரு காலை குழந்தையைத் தூக்கப் போனேன்; இடது கை எழும்பவில்லை. சற்று நேரத்தில் வலிப்பு வந்ததாம். கணவர் த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எனக்கு நினைவில்லை.

மூளை நாளக் குருதியுறைவு (மூளையிலிருந்து இரத்தம் வெளியேறும் குழாயில் இரத்தம் கட்டியாகி அடைத்துக்கொள்வது) என்றார்கள். என்னைப் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். இந்த நோயைப் பற்றித்தான் ஆய்வும் செய்கிறார்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சனீங்கள்?” என்று கேட்டார்.

நான் யோசிப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார். “பச்ச ஒடம்புங்க. தண்ணி அவ்வளவா குடுக்க மாட்டோம்.”

“நீங்களும் அப்பிடித்தான் இருந்தனீங்களோ, அம்மா?”

“அஞ்சு பெத்தேன் டொக்டர். ஒவ்வொண்ணுக்கும் அப்படித்தான். இந்தா, கல்லு மாதிரி நிக்கிறேன்ல!”

டொக்டர் சிரித்துவிட்டார். “ஓம், நிக்கிறியள். ஆனா இனி இவவுக்குத் தாகத்துக்குத் தண்ணி குடுங்கோ. பூண்டும் மிளகும் இருக்கட்டும்.”

இரத்தம் உறையாதிருக்க முதலில் ஊசி, பிறகு மாத்திரை. மாத்திரையின் அளவு சரியா என்று பார்க்க அடிக்கடி இரத்தப் பரிசோதனை. தாய்ப்பால் கொடுக்கலாம் என்று அவர் சொன்ன பிறகும் ஒவ்வொரு முறையும் பயந்தபடியே கொடுத்தேன்.

பின்னர், என் சம்மதத்தோடு, டொக்டர் தன் ஆய்வுக் கட்டுரையில் என்னையும் சேர்த்தார். பெயர் இல்லை. அச்சில் வந்ததும் கிளினிக்கில் ஒரு பிரதி தந்தார். நான் அதில் ஒரு பந்தி, சில வரிகள். பிரசவத்துக்குப் பின் எல்லாப் பெண்களுக்குமே இரத்தம் எளிதில் உறையும். உடலில் நீர் குறைந்தால் அந்த ஆபத்து கூடலாம் என்று இருந்தது. எனக்கு வந்ததற்கு அதுதான் காரணமா என்று கேட்டேன்.

“அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அது மட்டும்தான் எண்டு என்னால சொல்லேலாது” என்றார்.

இப்போது என் தங்கைக்கு மாதம் நெருங்குகிறது. அம்மா பூண்டும் மிளகும் காயவைத்து எடுத்து வைத்துவிட்டார். எனக்கு மட்டும், நான் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், கேட்காமலே தண்ணீர் ஊற்றி வைக்கிறார். தங்கைக்கும் அப்படியே கொடுக்கச் சொன்னேன்.

“ஒன் ஒடம்பு வேற. அவளுக்கு ஒண்ணும் ஆகாது” என்றார்.

“நான் ஒளிச்சுக் குடிச்சுக்கிறேன்க்கா” என்கிறாள் தங்கை. கட்டிலை விட்டு எழும்ப முடியாத நாட்களில், பக்கத்திலேயே அம்மா இருக்கையில், ஒளித்துக் குடிப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

மகளின் சட்டைக்குப் பொத்தான் போடும்போது என் இடது விரல்கள் இன்னும் கொஞ்சம் தாமதித்தே வருகின்றன. அவை வரும்வரை அவள் பொறுமையாக நிற்கப் பழகிவிட்டாள். முன்பெல்லாம் தாகம் எடுத்தால் வேலையை முடித்துவிட்டுக் குடிப்பேன். இப்போது பாடத்தை நிறுத்திவிட்டுப் போத்தலைத் திறக்கிறேன்.

மெதுவாகச் சொன்னால் அம்மா கேட்கமாட்டார். “நீங்க தண்ணி குடுக்காததாலதான் எனக்கு இப்படி ஆச்சு” என்றால் கேட்பார். ஆனால் டொக்டரே உறுதியாகச் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? சொன்னால், அஞ்சு பெற்ற அந்த மனுசி அதோடு எப்படி இருப்பார்? சொல்லாமல் விட்டு, தங்கைக்கு ஏதும் ஆகிவிட்டால்?

இதை வாசிக்கும் உங்களில் யாராவது இப்படியொரு தாயிடம் பேசியிருப்பீர்கள். என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். தங்கையின் பிரசவத்துக்கு முன்பே எழுதுங்கள்.