இறவாணத்தில் செருகிய பூப்பொட்டலம்

அப்போது எங்கள் தொழுவத்தில் மூன்று கறவை மாடுகள் நின்றன. அதில் ஒன்று சினை. திருத்தங்கல் கடைகளுக்குப் பால் ஊற்றித்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு மூன்றையும் அம்மா மாட்டுக்கொரு மண்பானையில் ஊறப்போட்டுக் கையாலேயே கலக்கி வைப்பாள். வாரத்துக்கு ஒரு பானையாவது கொம்பு பட்டு உடையும். மொத்தமாகக் கலக்க ஒரு பெரிய தொட்டி வேண்டும் என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே மனசுதான். எந்தத் தொட்டி என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

அம்மாவுக்குக் கல்தொட்டி. கொத்தி முடிக்க இரண்டு மாதம் ஆகும் என்று கல்லுடைக்கிறவர் சொல்லியிருந்தார். அதற்குள் வெடிக் கம்பெனியில் லோடு இறக்கும் சித்தப்பா, அங்கே காலியாகிக் கிடந்த ஒரு மரப்பீப்பாயைப் பாதியாக அறுத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல கனமான பலகை. உள்ளே இடுக்கெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

“கம்பெனிச் சாமான் நமக்கு எதுக்குக் கொழுந்தனாரே? போன தீவாளிக்கு நீங்க கொண்டாந்த சங்குசக்கரம் என் சேலையில ஏறிச் சுத்துனது மறந்துபோச்சா?” என்றாள் அம்மா.

“அது நெருப்பு மதினி. இதுல இருந்தது உப்பு. மாட்டுக்கு உப்புன்னா உசுருல்ல? எம்புட்டு ருசியா நக்கப்போகுதுன்னு பாருங்க.”

சித்தப்பா பொய் சொல்லவில்லை. கம்பெனியில் எல்லோரும் அதை உப்பு என்றுதான் சொல்வார்களாம். மூட்டையிலும் பீப்பாயிலும் வருவதை இறக்குகிறவருக்கு அதற்கு மேல் யார் சொல்லப்போகிறார்கள்?

அப்பாவுக்குத் தம்பி மனம் கோணக் கூடாது. அம்மாவோ மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அப்பா, மாரியம்மனிடம் பூக் கேட்டுவிடுவோம் என்றார். அதற்கு மறுபேச்சு கிடையாது. ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ வைத்து இலைத்துண்டில் இரண்டு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து, கள்ளம் அறியாத பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். பிறகு இரண்டையும் எல்லோர் முன்னாலும் பிரித்துக் காட்ட வேண்டும். வெள்ளரளி வந்தால் கல்தொட்டி, செவ்வரளி வந்தால் பீப்பாய். பொட்டலத்தை அப்பாவே கோயிலுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். எடுக்கிற பிள்ளை நான். எனக்கு ஏழு வயது.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். செவ்வரளி.

“இன்னொண்ணையும் பிரிச்சிருங்க” என்றாள் அம்மா.

“ஆத்தாளே வாக்குக் குடுத்த பெறகு என்னத்தப் பிரிக்க? அவளச் சோதிக்கவா போற?” என்றார் அப்பா.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா பிரிக்காத அந்தப் பொட்டலத்தைக் கூரை இறவாணத்தில் செருகினார். அம்மன் சொன்ன பிறகு அம்மாவுக்குக் கோபமே இல்லை. தானே பீப்பாயைத் துலக்கினாள். கோடைக்காலம், கிணறு வற்றிக் கிடந்தது. கழுவ இரண்டு குடம் தண்ணீர்தான். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, அதிலேயே பருத்திக்கொட்டையை ஊறப்போட்டாள்.

மறுநாள் காலை மாடுகள் அப்படித் தின்று நான் பார்த்ததில்லை. தீவனம் தீர்ந்த பிறகும் பலகையை நக்கிக்கொண்டே நின்றன. அம்மாவே சிரித்துவிட்டாள்.

உச்சிப்பொழுதுக்குள் சினைமாடு தள்ளாடியது. வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. நாக்கு சாம்பல் நிறமாகிவிட்டது. அது விழுந்து சற்று நேரத்தில் இன்னொன்றும் விழுந்தது. விருதுநகரிலிருந்து மாட்டு டாக்டர் வந்தபோது ஒன்றுதான் உயிரோடு கிடந்தது. அவர் அதன் காதைக் கீறினார். ரத்தம் கருப்பட்டிப் பாகு நிறத்தில் வந்தது. பீப்பாய்ப் பலகையை நகத்தால் சுரண்டி, “வெடியுப்புய்யா இது. இதுலயா ஊறப்போட்டீக?” என்றார். அவர் ஊசியை எடுப்பதற்குள் அந்த மாடும் அடங்கிவிட்டது. கன்றுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

சித்தப்பா தன் உள்ளங்கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. அம்மா யாரையும் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“ஒங் கையிலயாடி இது வரணும்?”

அந்தக் கையை ஊர் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் பூ எடுக்க என்னைக் கூப்பிட்டதில்லை. என் கல்யாணப் பேச்சின்போதுகூட யாரோ அதைச் சொன்னார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் முன்னால் நின்று, என்ன பிழை செய்தேன் தாயே என்று கேட்டிருக்கிறேன். ஆத்தா பொய் சொல்ல மாட்டாள். இன்றைக்கும் அதுதான் என் நம்பிக்கை.

மாடுகள் செத்த அன்று பொழுது சாயுமுன் புளியமரத்தடியில் குழி வெட்டி மூன்றையும் இறக்கினார்கள். மண் தள்ளப்போகும் நேரம், அப்பா வீட்டுப் பக்கம் போய் இறவாணத்திலிருந்து அந்தப் பொட்டலத்தை உருவிக்கொண்டு வந்தார். அவர் இறுக்கிப் பிடித்ததில் காய்ந்த இலை கிழிந்தது. எல்லோரும் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பக்கத்தில் நின்றது நான் ஒருத்திதான். உள்ளே இருந்ததும் செவ்வரளிதான். அவசரமாக அதைக் குழிக்குள் போட்டு, முதல் மண்ணையும் அவரே தள்ளினார்.

செத்த மாட்டுக்கு அப்பா பூப் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, நானும் கைகூப்பிக் கும்பிட்டேன்.