பூதத்துக்குள்ளே இருந்த சிரிப்பு

முதல்லயே மன்னிப்புக் கேட்டுக்கிறேன். எனக்கு எழுத வராது. வள்ளியூர் பக்கம் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சதுதான், அதுக்கப்புறம் பேனா பிடிச்ச நாளை விரல் விட்டு எண்ணிடலாம். முன்னாடி சொல்ல வேண்டியது பின்னாடி வரும், பல விஷயம் மறந்தும் போச்சு. கோவிச்சுக்காம படிங்க. எங்க மகளுக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது, அவ படிச்சதெல்லாம் மலையாளம். அந்தத் தைரியத்துலதான் இதை எழுதுறேன்.

பேய் பிசாசு ஆவி இதையெல்லாம் நான் நம்புறவ இல்ல. திருவனந்தபுரத்துல கரமனை ஆத்துக்குப் பக்கத்துலதான் எங்க வாடகை வீடு. செத்தவங்களுக்குப் பலி போட வர்றவங்க வச்சிட்டுப் போற சோத்து உருண்டையைக் காக்கா கொத்திக்கிட்டு இருக்கும், நான் பக்கத்துலயே நின்னு துணி அலசுவேன். ஒரு நாளும் பயந்ததில்ல. யாராவது வெள்ளையா ஏதோ நின்னுச்சுன்னு சொன்னா, எவனாவது வேட்டி காயப்போட்டிருப்பான்னு சொல்லிட்டு என் சோலியைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவ சொல்றேன், நம்புறவங்க நம்புங்க.

என் வீட்டுக்காரர் பேரை நான் வாயால சொன்னதில்ல, இப்ப எழுதவும் கை வரமாட்டேங்குது. எங்க மக பேரு இசக்கியம்மா. அதனால இசக்கி அப்பான்னே எழுதுறேன். அவருக்கு சென்ட்ரிங் வேலை, கட்டடத்துக்குப் பலகை அடிக்கிறது. நல்ல உயரம், வாசல்ல குனிஞ்சுதான் வருவார். காலைல தம்பானூர்ல வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துல நிக்கும்போது ஒரு சினிமாக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துட்டு, படத்துல பூதமா வர்றீயான்னு கேட்டிருக்கார். சாயங்காலம் வந்து சொன்னார், எனக்குச் சிரிப்பு தாங்கல.

"மூஞ்சி தெரியுமா?" ன்னு கேட்டேன்.

"மூஞ்சி தெரிஞ்சா என்னை ஏன்ட்டி கூப்பிடுதான்? உள்ள இருந்து நடக்கணும், அவ்வளவுதான்."

மலையாளப் படம், பிள்ளைங்களுக்கான படம். காட்டுல ஒரு பூதம் இருக்குமாம், பள்ளிக்கூடம் போற பிள்ளைங்களோட அது சேக்காளி ஆகுமாம், பலாப்பழம் பறிச்சுக் கொடுக்குமாம், சகதில வழுக்கி விழுமாம். கதை இவ்வளவுதான்னு சொன்னார். ஷூட்டிங் பொன்முடிக்குக் கீழ கல்லாத்துல. ஸ்பாஞ்சும் தேங்காய் நாரும் வச்சுத் தச்ச பெரிய உடுப்பு, தலை தனி. தலையை மாட்டி கழுத்தைச் சுத்திப் பசை போட்டு ஒட்டுவாங்களாம், கழட்ட ரொம்ப நேரமாகுமாம். பூதத்தோட வாய் வழியாத்தான் இவருக்குப் பாதை தெரியும். தண்ணிக்குள்ள இறங்கிட்டா நாரெல்லாம் ஊறி, ரெண்டு ஆளைத் தோள்ல தூக்கின கனம் இருக்கும்னு சொல்லுவார்.

இசக்கி எனக்கு நாப்பது தாண்டிப் பிறந்தவ, அப்ப சின்னப்பிள்ளை, பள்ளிக்கூடம்கூடச் சேர்க்கல. அப்பா பூதமாயிட்டார்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. அவர் வந்ததும் "பூதம் காட்டு" ம்பா. அவர் அலுமினியக் குண்டானைத் தலையில கவுத்திக்கிட்டு உர்ருன்னு வருவார், இவ கூரை கிழியச் சிரிப்பா.

அவர் உடம்பெல்லாம் அங்கங்க கன்னிப் போயிருக்கும். தோள்ல, முதுகுல, இடது விலாவுல. கேட்டா, பாறை வழுக்கிட்டுன்னு சொல்லுவார். நான் எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சு விடுவேன். அவர் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கவுந்து கிடப்பார்.

கடைசி நாள் ஷூட்டிங் முடிஞ்சு வந்து, பிள்ளைக்குக் கேக்காம என்கிட்ட ஒண்ணு சொன்னார். படத்துக் கடைசியில பூதம் செத்துப்போகுமாம். சினிமாக்காரங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டாம். செத்த மாதிரி நடிச்சவங்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பமாட்டாங்களாம். எந்திரிச்சு உக்காரச் சொல்லி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி, அதையும் கொஞ்சம் எடுப்பாங்களாம். அது படத்துல வராது, தோஷம் கழியிறதுக்குத்தான். அன்னைக்கு வெயில் இறங்கிட்டு, தலையைக் கழட்ட நேரமில்ல. ஒருத்தர், "சிரிச்சோ, சிரிச்சோ, வேகம்" னு கத்தியிருக்கார். இவர் பூதத் தலையோடயே எந்திரிச்சு உக்காந்திருக்கார். கேமராவை ஓட்டிட்டு, ஓக்கேன்னு சொல்லிச் சாமானைக் கட்டிட்டாங்க.

"நீங்க சிரிச்சீங்களா?" ன்னு கேட்டேன்.

"சிரிச்சேன். உள்ளுக்குள்ள சிரிச்சேன். எவன் பாத்தான்?"

"நாளைக்குப் போய் வெளிய தெரிய ஒரு தரம் சிரிச்சிட்டு வாங்களேன்."

"போட்டி கிறுக்கி. என் மூஞ்சியப் பாத்தா பிள்ளைங்க பூதமே தேவலைன்னு ஓடும்."

ரெண்டு பேரும் சிரிச்சோம். நான் அதை அதோட விட்டுட்டேன், ஏன்னா அப்படிப்பட்டதுல எனக்கு நம்பிக்கை கிடையாது.

கொஞ்ச நாள்ல அவருக்குக் காய்ச்சல் வந்தது. தண்ணில கிடந்ததுதானேன்னு சுக்குக் கஷாயம் வச்சுக் கொடுத்தேன். கெண்டைக்கால் வலின்னு துடிச்சார், கண்ணு மஞ்சளாச்சு. ஆஸ்பத்திரில எலிக்காய்ச்சல்னு சொன்னாங்க. முகம் ஊதி, கண்ணு சிவப்பும் மஞ்சளுமா மாறி, உதடு கறுத்து, எனக்கே அடையாளம் மாறிட்டு. அப்பாவைப் பாக்கணும்னு அழுதாளேன்னு இசக்கியைத் தூக்கிட்டுப் போனேன். கட்டில் பக்கத்துல போனதும் அவ என் கழுத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "பூதம்! பூதம்!" னு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினா.

அவர் கையை நீட்டியிருந்தார். மெதுவா மடக்கிக்கிட்டார். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார்.

அதுக்கப்புறம் நான் அவளை உள்ள கூட்டிட்டுப் போகல. அவரும் கேக்கல. அந்த வாரமே போயிட்டார்.

அவர் சிரிக்காம வந்த கதையை நான்தான் ஒருத்தர்கிட்டச் சொல்லித் தொலைச்சேன், அதாலதான்னு தெருவுல சிலர் சொன்னாங்க. நான் எலிக்காய்ச்சல்னுதான் சொன்னேன், இப்பவும் அதைத்தான் சொல்லுவேன். எனக்கு அதுவா கவலை? பிள்ளைதான் கவலை. குண்டானைப் பார்த்தா அலறுவா. பூதம் அப்பாவைத் தின்னுட்டுன்னு சொல்லுவா. தூங்கும்போது தூக்கித் தூக்கிப் போடும். வீட்டுல அவர் படமும் கிடையாது, எங்க கல்யாணப் போட்டோ மழை ஒழுகி ரெண்டு பேர் முகமும் கரைஞ்சு போச்சு. இந்தப் பிள்ளைக்கு அப்பான்னா அந்தக் கட்டில்ல கிடந்த முகம்தானான்னு நினைச்சு நினைச்சு எனக்குச் சோறு இறங்காது.

அப்படியிருக்கும்போது படம் வந்துட்டுன்னு பக்கத்து வீட்டு லீலேச்சி சொன்னாங்க. ஷூட்டிங்ல சொன்ன பேரு ஒண்ணு, போஸ்டர்ல வேற பேரு. எனக்கு மலையாளம் வாசிக்க வராது, பூதத்தோட படத்தை வச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

"கொச்சினைக் கூட்டிட்டு வா. அச்சன் பிள்ளேரோட களிக்கிறதைக் கண்டா பேடி மாறும்" னு சொன்னாங்க. பிள்ளையைக் கூட்டிட்டு வா, அப்பா மத்த பிள்ளைங்களோட விளையாடுறதைப் பார்த்தா பயம் தெளியும்னு. எனக்கு வெக்கமா இருந்தது. புருஷன் போய் வருஷம் திரும்பல, அதுக்குள்ள சினிமாவான்னு நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுவாங்க. லீலேச்சிதான், "பறையுறவங்க பறையட்டும், வா பெண்ணே" ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. மேட்னி ஷோ. நல்ல வெயில். முக்காடு போட்டுக்கிட்டு முன்வரிசையில ஓரமா உக்காந்தேன்.

பூதம் வந்ததும் இசக்கி என் மடியில சுருண்டுக்கிட்டா. நான் அவ காதுல, "நடையைப் பாரு, யாரு நடை?" ன்னு சொன்னேன். அவருக்கு வலது கால் கொஞ்சம் வெளிய விரிஞ்சு நடக்கும். பூதமும் அப்படித்தான் நடந்தது. அவ ஒரு கண்ணால பார்த்தா. பூதம் சகதில விழுந்தது, தியேட்டர்ல இருந்த பிள்ளைங்க எல்லாம் சிரிச்சுது. கொஞ்சம் கழிச்சு இவளும் சிரிச்சா. "எங்கப்பா" ன்னு பக்கத்துல கப்பலண்டிக்கடலை தின்னுக்கிட்டு இருந்த பிள்ளைகிட்டச் சொன்னா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

இடைவேளைக்கு அப்புறம் படம் மாறிப்போச்சு. ஆத்துல ஒரு பிள்ளையைத் தண்ணி அடிச்சுட்டுப் போகுது. பூதம் காப்பாத்தத்தான் இறங்குது, ஆனா பிள்ளையைப் பிணமாத்தான் கையில ஏந்திட்டு வருது. ஊர்க்காரங்க பூதம்தான் கொன்னுட்டுன்னு நினைச்சு, கம்பும் கல்லுமா ஓடி வர்றாங்க. அது பிள்ளையைக் கீழ வைக்கத் தெரியாம நெஞ்சோட பிடிச்சுக்கிட்டே நிக்குது. அடிக்கிறாங்க. பிள்ளைங்க படம்னு சொன்னவங்க ஏன் அப்படி எடுத்தாங்களோ தெரியல, நிறுத்தவே இல்ல, அடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

எனக்கு ஒவ்வொரு அடியும் அடையாளம் தெரிஞ்சுது. தோள்ல ஒண்ணு. முதுகுல குறுக்கால ஒண்ணு. இடது விலாவுல ஒண்ணு. எல்லாம் நான் எண்ணெய் போட்டுத் தேய்ச்ச இடம். பாறை வழுக்கிட்டுன்னு சொன்னீங்களேன்னு மனசுக்குள்ள சொன்னேன். எந்திரிச்சுப் போகணும்னு நினைச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன். இசக்கி, "அடிக்காதீங்க! எங்கப்பாவ அடிக்காதீங்க!" ன்னு கத்துறா. பின்னாடி யாரோ, "கொச்சினைக் கொண்டு போ" ன்னு அதட்டுறாங்க. நானே கூட்டிட்டு வந்து அவளுக்கு இன்னொரு சாவைக் காட்டிட்டேன். பூதம் பாதி தண்ணிலயும் பாதி பாறைலயுமா விழுந்து கிடந்தது. பாட்டு ஒண்ணும் இல்ல, தண்ணிச் சத்தம் மட்டும்தான்.

இனிமேதான் நீங்க நம்பமாட்டீங்க. செத்துக் கிடந்த பூதம் எந்திரிச்சு உக்காந்தது. ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சு, குடத்தைத் தூக்குற மாதிரி மேல தூக்கிக் கழட்டி மடியில வச்சுது. உள்ள அவர். முடியெல்லாம் நெத்தியில ஒட்டிக்கிடக்கு, வேர்வை வழியுது. ஊதல் இல்ல, மஞ்சள் இல்ல, நல்லா இருந்தப்ப இருந்த முகம். முன்வரிசையில நாங்க உக்காந்திருந்த ஓரத்தைப் பார்த்துச் சிரிச்சார். வாய் நிறையச் சிரிச்சார்.

இசக்கியோட அழுகை டக்குனு நின்னுச்சு. மடியில நிமிர்ந்து உக்காந்தா. அப்புறம் எழுத்து வந்தது, விளக்கைப் போட்டுட்டாங்க.

லீலேச்சி மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தாங்க. "அக்கா, கடைசில எந்திரிச்சதைப் பார்த்தீங்களா?" ன்னு கேட்டேன்.

"எவிடெ எந்திரிச்சு? பாவம், தல்லிக் கொன்னில்லே" ன்னாங்க. அடிச்சுக் கொன்னுட்டாங்களே, எங்க எந்திரிச்சதுன்னு. சுத்தி இருந்தவங்க முகத்தைப் பார்த்தேன், ஒருத்தர் முகத்துலயும் ஆச்சரியம் இல்ல.

மறுநாள் பிள்ளையை லீலேச்சிகிட்ட விட்டுட்டு நான் தனியாப் போனேன். சினிமாவுக்குத் தனியாப் போனது என் ஆயுசுல அது ஒரு தரம்தான். பூதம் விழுந்தது, தண்ணி ஓடினது, எழுத்து வந்தது. எந்திரிக்கல. கதவுப் பக்கம் நின்னவர்கிட்டத் தயங்கித் தயங்கிக் கேட்டேன், நேத்துப் படத்துல கூடக் கொஞ்சம் இருந்துச்சேன்னு. இல்லம்மா, தினமும் இதே படம்தான்னு சொல்லிட்டார். அந்த வாரமே படத்தை எடுத்துட்டாங்க, ஓடல.

இசக்கி அன்னையில இருந்து பயப்படல. நல்லாத் தூங்கினா. குண்டானைப் பார்த்தாலும் அழல. நான் அவகிட்ட ஒண்ணும் கேக்கல. கேட்டா இல்லைன்னு சொல்லிடுவாளோன்னு பயம். நான் சோகத்துல கண்டதைக் கண்டேன், பிள்ளை அழுது களைச்சு நின்னுட்டா, அவ்வளவுதான்னு எனக்கு நானே சொல்லி வச்சிருந்தேன்.

இப்ப அவளுக்குக் கல்யாணம் ஆகி, ஆபீஸ் வேலைக்குப் போறா. போன மாசம் எங்க மருமகன் சாப்பிட்டுக்கிட்டே, "அம்மே, அச்சனோட போட்டோ ஒண்ணுகூட இல்லையா?" ன்னு கேட்டார். நான் பதில் சொல்றதுக்குள்ள அவ சொல்றா, "போட்டோ எதுக்கு? எனக்கு அச்சனோட முகம் நல்ல ஓர்மை உண்டு. ஷூட்டிங்குக்கு என்னையும் கொண்டுபோனாரே. பூதத்தோட தலையை மடியில வச்சுட்டு, நனைஞ்ச முடியோட சிரிச்சாரு."

அவளை நாங்க கல்லாத்துக்குக் கூட்டிட்டுப் போனதே இல்ல. சரி, என்னோட அவளும் பார்த்திருக்கான்னு அப்பதான் தெரிஞ்சுது. அதோட விட்டிருந்தா இதை எழுதியிருக்கமாட்டேன்.

அவ புருஷன் பக்கம் திரும்பி, தான் பயந்து அழுததைச் சிரிச்சுக்கிட்டே சொன்னா, "நான் பேடிச்சுக் கரைஞ்சேன். அச்சன் என்னைப் பார்த்து, 'பயப்படாத பிள்ளே, நான்தான்' னு சொன்னாரு."

எனக்குத் தண்ணிச் சத்தம்தான் கேட்டுது. அவ பக்கத்துல, அவளை மடியிலயே வச்சுக்கிட்டு இருந்தவ நான், எனக்கு அவர் குரல் கேக்கல.

இதைப் படிக்கிற யார்கிட்டயாவது அந்தப் படம் இருந்தா ஒரு உபகாரம் பண்ணுங்க. நான் எழுதினதுல தப்பு இருக்கும், கல்லாறுதானா, பூதம் பறிச்சது பலாவா மாங்காயான்னு எனக்கே இப்ப நிச்சயமில்ல, அதெல்லாம் சரிபார்த்துத் திருத்திக்கோங்க. பூதம் விழுந்ததும் படம் முடிஞ்சுட்டுன்னு நிறுத்திடாம கடைசி எழுத்து போற வரைக்கும் பாருங்க. சத்தத்தை நல்லாக் கூட்டி வச்சுப் பாருங்க.