திண்டிவனம் வரைக்கும் கடல்

பேத்தி போனில் கேட்கிறாள்: "ஆயா, அந்தமானுக்குக் கப்பல்ல போவட்டா, பிளேன்ல போவட்டா? எனக்குத்தான் வாந்தி வருமே."

என்னவோ நான் நாலு கப்பல் ஓட்டிப் பார்த்தவள் மாதிரி. நான் ஏறிய பெரிய வாகனம் திண்டிவனம் பஸ்தான். "எதுலன்னா போ, ஜல்தியா போய்ச் சேரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. விழுப்புரத்தில் ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் குடியிருந்தோம். அப்பா அந்தமானுக்குக் கொத்து வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதனால் அப்பா என்றால் எனக்கு ஒரு நீலக் கடிதம், அவ்வளவுதான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் நன்றாகத் தெரிந்தது கொடுக்காப்புளி மரம் ஒன்றுதான். ஆகையால் மாமாதான் வாசிப்பார். அம்மாவின் தம்பி, திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் வேலை, தினம் பஸ்ஸில் போய் வருவார்.

அந்தத் தடவை கடிதத்தில் அப்பா இப்படிக் கேட்டிருந்தார்: கப்பல் என்றால் பொங்கல் கழிந்ததும் நீங்கள் இங்கே வந்துவிடலாம். ஆனால் உனக்கு பஸ்ஸே ஆகாது, இது மூன்று நாள் கடல். பிளேன் என்றால் இரண்டு மணி நேரம்தான், ஆனால் டிக்கெட்டுக்குச் சேர்க்க இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும். எது என்று எழுது.

கடைசியில் இன்னொரு வரி இருந்தது. "இப்போது ஓட்டல் சாப்பாடு இல்லை. வீட்டுச் சாப்பாடு கிடைக்கிறது. உடம்பு தேறியிருக்கிறேன்."

அந்த வரியை அம்மா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம். அப்பா குண்டாகியிருப்பார்.

"கப்பல்னு எழுதுடா" என்றாள் அம்மா.

மாமா சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? பஸ் ஹாரன் கேட்டாலே அம்மாவுக்கு வயிறு புரளும். பக்கத்திலிருக்கும் கெடாருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய், மாப்பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காமல் மண்டபத்துக்குப் பின்னால் படுத்துக் கிடந்து திரும்பியவள்.

"இன்னாக்கா பேஜாரு பண்ற? சரி, நாளைக்கு எங்கூட திண்டிவனம் வா. வாந்தி எடுக்காம எறங்கினா கப்பல். எடுத்தா பிளேன். பஸ்ஸு, கப்பலு ரெண்டும் ஆடறதுதான?"

மாமா கடலைப் பாண்டிச்சேரியில் கரையில் நின்று பார்த்ததோடு சரி. ஆனாலும் எங்கள் வீட்டில் அதற்கு மேல் விஞ்ஞானம் இல்லை, அம்மா ஒப்புக்கொண்டாள். மாமா அப்போதே பதில் கடிதத்தை எழுதி முடித்தார். நடுவில் ஒரே ஒரு வார்த்தைக்கு இடம் விட்டார்.

அந்த இடத்தில் எந்த வார்த்தை வரவேண்டும் என்று எனக்குத் தெரியும். பிளேன். இரண்டு வருஷம் என்பது எட்டு வயதுக்காரிக்கு நாளை மறுநாள் மாதிரி. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் மாமா வாங்கித் தந்த அவித்த மல்லாட்டையை ஒன்று விடாமல் தின்றேன். மேலே ஒரு கலர் சோடா குடித்தேன். அம்மா முந்தின நாள் மதியத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கையில் ஒரு எலுமிச்சம்பழம் மட்டும்.

"யம்மா, ஜன்னலாண்ட குந்திக்கோ. போன வாரம் ஒரு அம்மா என் பை மேலயே எடுத்துடுச்சி" என்றார் கண்டக்டர்.

அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்தாள். வாயைத் திறக்கவே இல்லை.

விக்கிரவாண்டி வந்தது. முன் சீட்டிலிருந்து மாமா திரும்பி, "எப்பிடிக்கீது?" என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அவள் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்து வழிந்தது. தொண்டை மேலே ஏறி இறங்கியது. எதையோ விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விழுங்கினாள். எனக்குக் கோபம். என்னமோ வாயில் போட்டுக்கொண்டு, எனக்குக் கொடுக்காமல் தின்கிறாள்.

திண்டிவனம் வீடுகள் தெரிய ஆரம்பித்தன. இவள் ஜெயித்துவிடுவாள் போலிருந்தது. நான் இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டேன்.

மல்லாட்டை, கலர் எல்லாம் அம்மா மடியில் விழுந்தது. அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்றம் விடவில்லை. விரல் இடுக்கில் மஞ்சளாகத் தண்ணீர் வழிந்தது.

"சொன்னேன் பாத்தியா!" என்று கண்டக்டர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பஸ் ஸ்டாண்ட் குழாயடியில் அம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, நானா எடுக்கலடா. இவ எடுத்ததுனாலதான் வந்துச்சி. கப்பல்னு எழுது."

"கப்பல்ல பக்கத்துல குந்தினுகீறவன் எடுக்கமாட்டானா? மூணு நாளுக்கா. நீ போய்ட்டீன்னா கரைக்குக்கூட எடுத்தாரமாட்டாங்க. அப்பிடியே தண்ணில உட்டுடுவாங்க."

"உடட்டும். நீ எழுது."

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தபால் பெட்டி மேல் கடிதத்தை வைத்து, அந்த ஒரு வார்த்தையை எழுதி, எச்சில் தொட்டு ஒட்டி, உள்ளே போட்டார். அக்கா உயிரைக் காப்பாற்றிவிட்டதாக, சாகும்வரை அவருக்கு ஒரு நிம்மதி.

அம்மா என்னை அடிக்கவில்லை. என் வாயைக் கழுவி, ஈரம் இல்லாத முந்தானை நுனியாகத் தேடித் துடைத்துவிட்டாள். அவளுக்கும் உள்ளுக்குள் பிளேன் ஆசைதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"பஸ்ல இன்னாம்மா துன்னுக்கினு வந்த, எனக்குக் குடுக்காம?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. வா."

இரண்டு வருஷமும் போனது. கடிதங்கள் முதலில் சின்னதாயின, பிறகு நின்றன. வானத்தில் சத்தம் கேட்டால் நான் வெளியே ஓடுவேன். அம்மா குனிந்த தலையை நிமிர்த்தமாட்டாள்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்றைக்கு ஊர் திரும்பியதும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்: நாங்கள் பிளேனில் போகப்போகிறோம், அப்பா இப்போது நல்லா இருக்கிறார், வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறார். கேட்ட பொம்பளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பொறாமை என்று நினைத்தேன். அந்த வீட்டில் உலை வைப்பது யார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.