என் மார்க் ஷீட்டும் மேனேஜரோட ரூலும்

இன்னிக்குக் காலையில தி.நகர்ல, நான் லேப் டெக்னீஷியன் கோர்ஸ் படிக்கிற இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் என் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டைத் திருப்பிக் கேட்டேன். நாளைக்கு அடையாறுல எனக்கு இன்டர்வியூ.

"கோர்ஸ் முடியற வரைக்கும் ஒரிஜினல் எங்ககிட்டதான் இருக்கும். அது ரூல்"னு சொன்னார் மேனேஜர்.

"சரிபார்க்கணும்னுதானே சார் வாங்கினீங்க? அது எந்த ரூல்னு எழுதி, சீல் வெச்சுக் கொடுங்க."

"அதெல்லாம் எழுதித் தர முடியாதும்மா."

"அப்போ நான் எழுதறேன் சார், நீங்க தர மறுக்கிறீங்கன்னு. வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சேன்.

கூடப் படிக்கிற ஷகிலா பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டா. "என் மார்க் ஷீட்டும் இவங்ககிட்டதான் இருக்கு, என் பேரையும் சேர்த்து எழுது. குடுக்கற வரைக்கும் நானும் இங்கதான் குந்திக்கினு இருப்பேன்."

மேனேஜர் லெட்டரை வாங்கிப் படிச்சார். அடியில 'நகல்: கலெக்டர் அலுவலகம்'னு எழுதியிருந்ததை மட்டும் ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் எழுந்து போய் பீரோவைத் திறந்தார்.

நாங்க ரெண்டு பேரும் மார்க் ஷீட்டோட வெளியே வந்தா, விஷயம் தெரிஞ்சு எங்க பேட்ச் மொத்தமும் அவர் ரூம் வாசல்ல வரிசையில நிக்குது.

உங்க ஒரிஜினல் இப்போ யார் பீரோவுல இருக்கு? கமென்ட்ல சொல்லுங்க, லெட்டர் ரெடியா இருக்கு. பேரை மட்டும் மாத்தினா போதும்.