எங்கள் பிட்சருக்குப் பிரியாவிடை

உயிரோடிருக்கும் மனிதரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு இரங்கல் கூட்டம்போல் பேசுவது எனக்கு அறவே பிடிக்காது. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை மாலை நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எங்கள் பேஸ்பால் கிளப்பின் பிட்சருக்கு, அதாவது பந்து எறிபவருக்கு, பிரியாவிடை விருந்து. எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர். ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். அவர் எறிவதைப் பார்ப்பதற்கென்றே சிட்னியின் மறுகோடியிலிருந்து ஆட்கள் வருவார்களாம். இப்போது எங்களோடு கடைசித் தர அணியில் ஆடிக்கொண்டிருந்தார்.

எங்களோடு என்றால் நானும் என் யாழ்ப்பாணத்து நண்பரும். சிட்னிப் புறநகரான கிரவீனில் அடுத்தடுத்த தெருவில் இருக்கிறோம். இருவருமே கிரிக்கெட் பைத்தியங்கள். யார் கேப்டன் என்ற சண்டையில் எங்கள் தமிழ் கிரிக்கெட் அணி உடைந்தபின், பக்கத்து மைதானத்தில் ஆள் பற்றாமல் தவித்துக்கொண்டிருந்த பேஸ்பால்காரர்களிடம் போய்ச் சேர்ந்தோம். முதல் நாளே என் மானம் கப்பலேறியது. பந்தை ஓங்கி அடித்துவிட்டு, மட்டையைக் கீழே போடாமல் கையோடு தூக்கிக்கொண்டு ஓடினேன். முதல் தளம் வந்ததும் கிரிக்கெட் வழக்கப்படி மட்டையை நீட்டித் தொட்டுவிட்டு, ரன் எடுத்த திருப்தியில் நின்றேன். அங்கே காலால் மிதிக்க வேண்டும் என்பது அவுட் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. தளத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த எங்கள் பிட்சர் பெரியவர் மட்டையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, "இதை வீட்டுக்கும் கொண்டு போவதாக இருந்தாயா?" என்று கேட்டார். சிரிக்கவே இல்லை. அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

இந்தப் பருவத்தின் தொடக்கத்தில், ஒருவன் அடித்த பந்து நேராக வந்து பெரியவரின் முழங்காலுக்குக் கீழே தாக்கியது. பழைய ஆளாக இருந்தால் விலகியிருப்பார். கிளப் கமிட்டி பயந்துபோனது. அடுத்தது தலையில் பட்டால் யார் பொறுப்பு? அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. நேரடியாகச் சொல்ல வாய் வராமல், ரசிகர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்து, கௌரவமாக ஓய்வில் உட்காரவைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பெரியவருக்கு இது புரியாமல் இல்லை. "எனக்கு விருந்து வைக்கிறார்களாம். எப்படிப்பட்ட விருந்து என்று எனக்குத் தெரியும். ஆடாவிட்டால் சனிக்கிழமையை நான் என்ன செய்வேன்?" என்று பெஞ்சில் எங்களுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டார்.

விருந்துக்குப் போகும்போது காரில் நண்பர் கேட்டார்:

"தம்பி, மைக் தந்தால் நீர் என்ன சொல்லப் போறீர்?"

"எல்லாரும் சொல்ற அந்தப் பெரிய ஆட்டத்தையே நானும் சொல்லலாம்னு இருக்கேன் அண்ணே. ஒருத்தனைக்கூட முதல் தளத்துக்கு விடாம ஜெயிச்சாரே, அது."

"நீர் அதைப் பாத்தனீரோ?"

"எங்க பாக்கிறது? அப்ப நான் மதுரைல டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்."

"நானும் பாக்கேல்லை. பாக்காததை எப்பிடிச் சொல்லுறது?"

அவர் அப்படித்தான். எதையும் கேட்டுவிட்டு, நம்மைச் சங்கடத்தில் விட்டுவிட்டு, சிக்னலைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பார்.

கிளப் ஹால் நிறைந்திருந்தது. நரைத்த தலைகள், பியர், கருகிய சாசேஜ் வாசனை. ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்தார்கள். அந்த ஆட்டத்தை மட்டும் மூன்று பேர் சொன்னார்கள், மூன்றும் வேறு வேறு ஆட்டம்போல இருந்தது. ஒரு அம்மாள், சிறுமியாக இருந்தபோது அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த பந்தைக் கல்யாணமான பிறகும் வைத்திருப்பதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனையும் அன்புதான், பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு கைதட்டலுக்கும் பெரியவர் நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே போனார்.

பிறகு நண்பரைக் கூப்பிட்டார்கள். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பெரியவரின் பந்துகளைப் பிடிப்பவர் அவர்தான். மைக்கை வாங்கி, தன்னுடைய அவசரமில்லாத ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நீங்கள் சொல்லும் இளைஞரை எனக்குத் தெரியாது. எனக்கு வயதானவரை மட்டும்தான் தெரியும். போன சனிக்கிழமை மலைபோல ஒரு இருபது வயதுப் பையன் அடிக்க வந்தான். இவர் எறிந்த பந்து அவனிடம் போய்ச் சேர்வதற்குள் அவன் மட்டையைச் சுழற்றி முடித்துவிட்டான். அடுத்ததும் அப்படியே. மூன்றாவது இன்னும் மெதுவாக வந்தது. அவன் சுழன்று கீழேயே விழுந்தான். என் கையுறையில் பந்து வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். நான் பார்த்த பந்துகளிலேயே அழகான பந்து அது. எனக்கு இருக்கும் நினைவு அதுதான்."

பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும்?" என்று கேட்டார்.

நாளைய ஆட்டத்துக்கு வேறு பிட்சரைப் போட்டுவிட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பெரியவர் கிளப் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தன் ஷூவைப் பார்த்தார்.

"காலுக்குக் கவசம் கட்டிக்கொள்ள வேண்டும். முகத்துக்கும்," என்றார் செயலாளர், கடைசியில்.

கவசம் கட்டுவதை வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்தவர் பெரியவர். "தலையில் வாளியைக் கவிழ்க்கச் சொன்னாலும் கவிழ்த்துக்கொள்கிறேன்," என்றார். நண்பரைப் பார்த்து, "எட்டரைக்கு வா. நீ எப்போதும் தாமதம்," என்றார். அதற்குப் பிறகு எழுந்த கைதட்டலில் என்னைப் பேசக் கூப்பிடவே மறந்துவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று.

மறுநாள் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். எதிரணி அவரைப் பிய்த்து எறிந்தது. மெதுவாகப் போட்டாலும் அடித்தார்கள், வளைத்துப் போட்டாலும் அடித்தார்கள். மைதானத்தின் மூலை முடுக்கெல்லாம் பந்து பொறுக்கி எனக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. படுதோல்வி. ஆட்டம் முடிந்ததும் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து முகக் கவசத்தைக் கழற்றினார். முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக இருந்தது.

"பரவாயில்லை," என்றார். "அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்."