கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே

போர் முடிந்த அடுத்த வருடம் என் மனைவிக்குத் தோலில் ஒரு வருத்தம் வந்தது. வெயில் பட்டால் கன்னமும் கையும் சிவந்து தடித்துவிடும். மறுநாள் மூட்டெல்லாம் நோகும். வெயிலில் திரியக் கூடாது என்று மட்டக்களப்பு ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லிவிட்டார். வாழைச்சேனையிலிருந்து கிளினிக்குக்குப் போய்வர எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதன் பின்கதவுக் கண்ணாடிகளுக்குக் கறுப்பு டின்ட் தாள் ஒட்டுவது என்று முடிவெடுத்தோம். சண்டைக் காலத்தில் இப்படி யோசித்தே இருக்க மாட்டோம்.

ஓட்டமாவடிக் கடையொன்றில் ஒட்டினோம்.

"ஒரு கிழமைக்குக் கண்ணாடிய இறக்காதீங்க சேர்," என்றார் கடைக்காரர். "பசை இன்னும் பிடிக்கல்ல. உள்ளுக்குத் தண்ணிக் கொப்புளம் தெரியும், அதக் கையால அமத்த வேணாம். வெயில்ல விடுங்க, தானாப் போகும்."

அவர் சொன்னபடியே செய்தேன். காரை முற்றத்து வெயிலில் நிறுத்தினேன். தூசு படிந்தாலும் துடைக்கவில்லை. மறந்துபோய்த் திருகிவிடக் கூடாதென்று பின்கதவுகளில் கண்ணாடி இறக்கும் பிடிகள் இரண்டிலும் பழந்துணியைச் சுற்றிக் கட்டினேன்.

கொப்புளங்கள் வற்றுவதற்கு முன்பே, மனைவியின் அக்காவுக்குக் காய்ச்சல் என்று வாகரையிலிருந்து செய்தி வந்தது. அக்கா சுனாமியில் கணவனை இழந்தவர். அதன்பின் கட்டிக்கொடுத்த வீடொன்றில் ஒரே மகனோடு இருந்தார். போரின் கடைசிக் காலத்தில் ஒருநாள், வீட்டுக்கு முன்னாலேயே அவனைக் கறுப்புக் கண்ணாடி போட்ட வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் ஏற்றியது, எங்கே கொண்டுபோனது, எதுவும் தெரியவரவில்லை.

"கார் இப்பிடி இருக்கெண்டு அக்காவுக்குச் சொல்லிப்போட்டுப் போவம்," என்றாள் மனைவி. போன் எடுத்தோம். மணி அடித்தது, யாரும் தூக்கவில்லை.

நாங்கள் போனபோது அக்கா முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்திருந்தார். கார் வேலியோரம் நின்றதும் எழுந்தார். ஒளிந்துகொள்வார் என்றுதான் நினைத்தேன். அவரோ நேரே காரை நோக்கி வந்தார். நான் இறங்கி, "அக்கா, நாங்கதான்," என்றேன். என்னைப் பார்க்கவே இல்லை. பின்கண்ணாடியில் இரண்டு கைகளையும் நெற்றியையும் வைத்து உள்ளே பார்த்தார்.

"உள்ளுக்க ஆரு? கண்ணாடிய இறக்கு!"

உள்ளங்கையால் கண்ணாடியில் அடித்தார். உள்ளே மனைவி துணியை அவிழ்த்துப் பிடியைத் திருகினாள். ஈரம் காயாத டின்ட் ரப்பர் விளிம்பில் சிக்கிச் சுருண்டது.

"அக்கா, நான்தான்கா."

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு அப்படியே மணலில் இருந்துவிட்டார். உடம்பு நெருப்பாய்ச் சுட்டது.

தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று காரில் ஏற்றினோம். சுருண்டுபோன பக்கம் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தாள். மற்றப் பக்கம் அக்கா. பனிச்சங்கேணிப் பாலம் தாண்டியதும் அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, இஞ்சால இருந்து பாத்தா வெளிய எல்லாம் தெரியுதே."

"ஓம் அக்கா. கொஞ்சம் இருட்டினாப்போல இருக்கும், அவ்வளவுதான்."

"றோட்டுல நிக்கிற ஆக்கள்ற முகமும் தெரியுதுகா."

"ஓம்."

கொஞ்சத் தூரம் போனோம்.

"அப்ப அவன் என்னக் கண்டிருப்பான்," என்றார் அக்கா. "கத்திக்கொண்டு வானுக்குப் பக்கத்தால ஓடினன். பிள்ளைக்குத் தெரியாமப் போச்சோ, அம்மா வரல்லயெண்டு நினைச்சிப் போட்டானோ எண்டுதான் இவ்வளவு காலமும் கிடந்தன்."

மனைவி அவர் கையைப் பிடித்தாள். நான் காரை ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் வார்டில் மறித்து வைத்தார்கள். காய்ச்சல் மாறியதும் அக்கா வாகரைக்குத் திரும்பினார். சுருண்ட கண்ணாடிக்குக் கடைக்காரர் புதிதாக ஒட்டித் தந்தார். அதன்பின் கிளினிக் நாட்களுக்கு அக்கா சில வேளை முதல்நாளே பஸ்ஸில் வந்து எங்களோடு தங்குவார். மறுநாள் தங்கைக்குத் துணையாகப் பின்னால் ஏறுவார். மட்டக்களப்பு வரும்வரை, ஏற்றிய கண்ணாடிக்குள்ளிருந்து றோட்டோரம் நிற்கும் ஆட்களையே பார்த்துக்கொண்டு வருவார்.